வாங்கவும் மனமின்றி, விடவும் மனமின்றி

கைப்பேசி வாங்குவதைக் குறித்துப் பங்குக்குரு எழுதுவதா என்று புருவம் உயர்த்துவோர் சிலர் இருக்கலாம். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் நம் இளைஞர்கள் கூடி நின்று பேசுவதைச் செவிமடுத்தவர்கள் அவ்வாறு வியக்கமாட்டார்கள். எந்த நிறுவனத்தின் கைப்பேசி மேலானது, எதன் பேட்டரி நெடுநேரம் தாங்கும், எதன் படம் துல்லியமானது என்பனவற்றில் அவர்கள் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் மறைக்கல்வி வகுப்பில் காட்டினால், பங்குக்குருக்கள் நெடுநாள் வாழ்வார்கள்!

அவர்களுள் ஒருவரை நாம் நன்கறிவோம். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். நல்ல உழைப்பாளி; ஆலயத்தின் ஒலிபெருக்கி மக்கர் செய்தால் முதலில் ஓடி வருபவர் அவரே. கருவிகள் என்றால் அவருக்கு உயிர். புதிய கைப்பேசி வாங்குவதற்கென்று இரண்டு மாத ஊதியத்தை ஒதுக்கி வைத்து ஏழு மாதங்களாகின்றன. ஏழு மாதங்களாகவே எதை வாங்குவது என்று முடிவு செய்ய மாட்டாமல் இருக்கிறார். ஒருநாள் மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பங்கு இல்லத்திற்கு வந்தார். ஒரு பக்கத்தில் மூன்று கைப்பேசிகளின் பெயர்கள், அவற்றின் கீழே கட்டம் கட்டிப் பதினெட்டுத் தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மூன்றும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றிருந்தன.

“சாமி, மூன்றில் எதை வாங்கட்டும்? நீங்கள் சொல்வதை வாங்கிவிடுகிறேன்” என்றார். சற்றுப் பொறுத்து, அடுத்த மாதம் நான்காவதாக ஒன்று வெளிவரப் போவதாகவும், அதற்காகக் காத்திருக்கலாமா என்றும் கேட்டார்.

அவருக்கு விவரம் போதவில்லை என்று கூற முடியாது. ஐம்பது மெகாபிக்சல் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், அத்தகைய கருவி பொதுவாக அருகருகே உள்ள நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படத்தையே தருகிறது என்பதை நமக்கு விளக்கியவரே அவர்தாம். கைப்பேசியின் ஆயுளை அதன் உடல் மட்டுமன்று, நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அனுப்புகிறது என்பதும் முடிவு செய்கிறது என்றும், 2023-ல் வெளிவந்த கூகுள் பிக்சல் 8, 2024-ல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 24 ஆகியவற்றிற்கு ஏழு ஆண்டுகள் என உறுதி கூறப்பட்டுள்ளது என்றும் சொன்னார். நாம் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை இல்லை.

“தம்பி, இதைக் கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்?”

“எல்லாம் செய்யலாம், சாமி” என்றார்.

பதினெட்டுக் கட்டங்களுள் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

பொருள்கள் பெருகிவிட்டதால்தான் மனிதன் திகைக்கிறான் என்று பலர் கூறுவதுண்டு. அதற்கு ஆதாரமாக 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் உளவியலார் இருவர், கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ஒரு வேளை 24 வகைப் பழப்பாகுகளையும், மற்றொரு வேளை 6 வகைகளையும் சுவை பார்க்க வைத்தனர். ஆறினை அணுகியவர்களுள் நூற்றுக்கு முப்பது பேர் வாங்கினர். இருபத்து நான்கினை அணுகியவர்களுள் மூன்று பேரே வாங்கினர். ஆனால் பின்னர் பிறர் செய்த சோதனைகளில் இவ்விளைவு எப்போதும் தோன்றவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கி 2015-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, திகைப்பைக் கூட்டுவனவற்றுள் ஒன்று தனக்கு எது வேண்டும் என்று வாங்குபவனுக்கே தெரியாதிருத்தல் என்று காட்டியது. இதைத்தான் நம் பாட்டிமார் சந்தைக்குப் போகுமுன் அடுக்களையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதன் மூலம் செய்து வந்தார்கள்.

புனித இஞ்ஞாசியாரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1521-ல் பம்பலோனாக் கோட்டைப் போரில் குண்டடிபட்டுக் கால் முறிந்து, நோய்ப்படுக்கையில் மனம் மாறியவர், 1522-ல் மொன்செராத் மலைத் திருத்தலத்தை நோக்கிக் கோவேறு கழுதை மீது பயணமானார். வழித்துணையாக வந்த மூர் இனத்தவர் ஒருவர் தேவதாயின் கன்னிமையைக் குறித்து ஒவ்வாதன பேசிவிட்டு முன்னே விரைந்து சென்றுவிட்டார். அவரைப் பின்தொடர்ந்து குத்துவாளால் தாக்குவதா, விட்டுவிடுவதா? இஞ்ஞாசியார் எண்ணியெண்ணிக் களைத்தார். இறுதியில், சாலை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளரவிட்டு முடிவை விலங்கிடமே ஒப்படைத்தார். அம்மனிதர் சென்ற ஊர் மிக அருகில் இருந்தது. அதற்குச் செல்லும் வழியும் அகலமானது. எனினும் கழுதை நெடுஞ்சாலையைப் பிடித்து நடந்தது. பிற்காலத்தில் இதனை அவரே எடுத்துரைத்து எழுதச் செய்தார். “நீங்கள் சொல்வதை வாங்கிவிடுகிறேன்” என்று நம் இளைஞர் கூறியபோது அக்கோவேறு கழுதை நம் நினைவுக்கு வந்ததை மறைப்பானேன்? அதன் உத்தியோகத்தையல்லவா நமக்குத் தர முன்வந்தார்!

களைப்பினால் கடிவாளத்தை விட்ட அதே மனிதர்தாம், தேர்ந்து தெளியும் முறையைக் கற்பிக்கும் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலைப் பின்னர் நமக்குத் தந்தார். 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். முதலில் குறிக்கோள், பின்னர் அதற்கேற்ற வழி என்பது அதன் ஒழுங்கு. பலரோ முதலில் வழியைப் பற்றிக்கொண்டு, பின்னர் அதற்கு ஒரு குறிக்கோளைத் தேடுகிறார்கள் என்று அவர் வருந்துகிறார். கைப்பேசி என்ன, இறையழைத்தலா என்று கேட்பீர்கள். அன்றுதான். வாழ்க்கை நிலையைத் தேர்பவர்களுக்காகவே அவர் எழுதினார். ஆனால் சிறியவற்றில் தலைகீழாய்த் தேர்ந்து பழகிய மனம், பெண் பார்க்கும்போதும் வேலை தேடும்போதும் திடீரென்று நேராகிவிடும் என்று நம்புவதற்கு நம் குருத்துவப் பணியில் நாம் கண்டவை இடம் தரவில்லை.

அந்நூலில் மூவகை மனிதரைப் பற்றிய தியானம் ஒன்றுண்டு. மூவரும் தூய நோக்கமின்றிப் பத்தாயிரம் பொற்காசுகளை ஈட்டியவர்கள். அதன் மீதுள்ள பற்றினால் மனஅமைதி இழந்தவர்கள். முதலாமவர் பற்றை விட விரும்புகிறார். ஆனால் சாகும்வரை அதற்காக ஒன்றும் செய்வதில்லை. இரண்டாமவர் பற்றை விடவும் வேண்டும், பொற்காசும் கையில் இருக்கவும் வேண்டும் என்கிறார். மூன்றாமவர் வைத்துக்கொள்வதோ விடுவதோ எதுவாயினும் சரியே என்னும் நிலைக்குத் தம் மனத்தைக் கொணர்கிறார். தீர்மானிக்க இயலாத கருவிப் பிரியர் இவர்களுள் எவர்? முதலாமவர் என்றே தோன்றும். நாம் நினைப்பது வேறு. ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டையும் இழக்க வேண்டும். தேராதிருக்கும் வரையில் மூன்றும் அவருடையவை. கையில் ஒன்றும் இல்லாமலே மூன்றுக்கும் உரிமையாளராக வாழும் இன்பம் அது. இரண்டாமவரின் உறவினர்தாம் அவர்!

இந்த இன்பத்திற்கு விலை இல்லாமல் இல்லை. இரவு உணவு முடிந்ததும் ஒப்பீட்டுக் காணொளிகளைத் தொடங்குபவர் நள்ளிரவு வரை அவற்றை விடுவதில்லை. “அவன் வீட்டில்தான் இருக்கிறான், சாமி, பேசத்தான் ஆளில்லை” என்று அவருடைய தாயார் ஒருமுறை நம்மிடம் கூறினார். அவ்வம்மையாரின் கைப்பேசித் திரை விரிசல் கண்டு ஓராண்டாகிறது. ஊரிலுள்ளோர் எல்லாரும் யோசனை கேட்கும் மகன் அதைக் கண்டிருக்கவில்லை.

ஆராய்ந்து வாங்குவது குற்றமன்று. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை ஆண்டவரே உவமையாகக் கூறியுள்ளார். ஆயின் அவன் தான் கட்டப் போவது கோபுரம் என்று அறிந்த பின்னரே உட்கார்ந்தான். கருவிகளை விரும்புவதும் குற்றமன்று. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்குத்திஸ் கணினியில் தேர்ந்த சிறுவர். உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேலை இருந்தது. அதற்குக் கணினி தேவைப்பட்டது. விளையாட்டுக் கருவிக்கோ வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே வரையறுத்துக்கொண்டதாக அவருடைய தாயார் கூறியுள்ளார். 2006-ல் பதினைந்தாம் வயதில் இறந்தவர். ஐபோன் கடைக்கு வந்தது அதற்கடுத்த ஆண்டில்தான்.

நாம் நம் இளைஞருக்கு மூன்றில் எதையும் சொல்லவில்லை. நம் கோயில்பிள்ளையைப் பற்றிக் கேட்டோம். சென்ற ஆண்டு அப்பெரியவருக்குக் கைப்பேசி வாங்கித் தந்தவர் இவரே. கடையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்றோம். “அரை மணி கூட ஆகவில்லை, சாமி. அவருக்கு எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும், மணி உரக்கக் கேட்க வேண்டும், காலையில் மின்னேற்றினால் இரவு செபமாலை வரை தாங்க வேண்டும், அவ்வளவுதானே” என்றார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் அவருக்கு என்ன சொல்வாயோ, அதை நீயே செய் என்பது இஞ்ஞாசியார் காட்டும் வழிகளுள் ஒன்று. நோட்டின் புதிய பக்கத்தில் தம்மையே அயலாராகக் கருதி, அவருடைய வேலை, வரவு, வீட்டிலுள்ளோர் ஆகியவற்றை முதலில் எழுதிவரச் சொன்னோம். இப்போதுள்ள கைப்பேசியில் என்ன குறை என்றும் எழுதச் சொன்னோம். பேட்டரி நண்பகலிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதைத் தவிர வேறு குறை அவருக்கு உடனே தோன்றவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்பது அவர் அறியாததன்று.

வீட்டு மேசை இழுப்பறையில் பழைய கைப்பேசிகள் நான்கு கிடப்பதாகவும் போகும்போது சொன்னார். நம் குடும்பங்களில் இது அரிய காட்சியன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் கால் பங்குக்கும் குறைவே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. இழுப்பறையில் உள்ளவற்றுள் இன்னும் இயங்குபவை இருப்பின், படங்களையும் வங்கிக் குறிப்புகளையும் முற்றிலும் அழித்துவிட்டு, அவை இன்றிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தரலாம். பங்கு இல்லத்தில் கொடுத்தால் உரியவரிடம் சேர்ப்பிப்போம். பேட்டரி உப்பியவற்றைக் குத்தவோ குப்பையில் எறியவோ வேண்டா, தீப்பற்றும். அவற்றை மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் தனியே ஒப்படைத்துவிடுங்கள்.