ட்ரௌட்டுக்குச் சட்டம் இருக்கு, விராலுக்கு?

உங்க இன்ஸ்டாவிலயும் அந்த ரீல் வந்திருக்கும். பனி கொட்டுற மலை ஆறு. இடுப்பளவு தண்ணியில ஒருத்தர் நிக்கிறார். இறகும் நூலும் வச்சுக் கட்டின பொய் ஈயை வீசுறார். ட்ரௌட் மாட்டுது. கொக்கியைக் கழட்டி, தண்ணியிலயே மெதுவா விட்டுடுறார். நாம ஒரு லைக் போட்டுட்டு நகர்ந்துடுறோம்.

அந்த மீன் நம்ம நீலகிரியிலயும் இருக்கு. வெள்ளைக்காரங்க பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தது. 1907-ல எச்.சி. வில்சன் அவலாஞ்சியில மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைச்ச பிறகுதான் அது அங்க நிலைச்சது. ஆனா நீலகிரியில வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு போட்ட சட்டம் 1879-லயே வந்தாச்சு. விருந்தாளி வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே காவல் தயார்!

இப்ப எங்க நெட்டப்பாக்கத்துக்கு வாங்க. மழை விட்டு, ஏரி நிறைஞ்சு, மார்கழிப் பனி இறங்கினா எங்களுக்கும் தூண்டில் சீசன்தான். எங்க ஹீரோ விரால். ஆனா ஏரிக்கரையில விராலுக்காக ஒரு போர்டுகூட நான் பாத்ததில்ல.

விரால் முட்டை போட்டுட்டு ஓடிப்போற மீன் இல்ல. குஞ்சுங்க செவப்பா ஒரே கூட்டமா சுத்தும். காத்து குடிக்க அடிக்கடி மேல வரும். அந்த இடம் மட்டும் தண்ணி கொதிக்கிற மாதிரி தெரியும். கீழ தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்க ரப்பர் தவளையை வீசினா உடனே அடிக்கும். பசியில இல்ல, குஞ்சைக் காப்பாத்துற கோவத்துல.

செகண்ட் இயர் லீவுல நானும் அப்படித்தான் ஒண்ணு பிடிச்சேன். ஒன்றரைக் கிலோ. ஸ்டேட்டஸ் போட்டேன். சித்தப்பா பாத்துட்டு, "குஞ்சோட இருக்கறதையாடா புடிச்ச?"ன்னு கேட்டார். அவ்வளவுதான், திட்டல. மறுநாள் போய்ப் பாத்தேன். அந்த இடத்துல தண்ணி சும்மா கிடந்துச்சு.

"பிடிச்சு விடுறதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நாங்க குழம்புக்குப் பிடிக்கிறோம்"னு நீங்க சொல்லலாம். நியாயம்தான். எங்க வீட்டுலயும் விரால் குழம்புன்னா ரெண்டு தட்டு சோறு கூட இறங்கும். சாப்பிடாதீங்கன்னு நான் சொல்லல. குழம்புக்குப் பிடிக்கிறவங்களுக்குத்தான் அடுத்த வருஷமும் மீன் வேணும். ரீலுக்குப் பிடிக்கிறவனுக்கு வேற ஏரி கிடைச்சுடும்.

நாம ஆன்லைன்ல ராடு வாங்குறோம், ரீல் வாங்குறோம், தவளை வாங்குறோம். மலை ஆத்துக்காரங்ககிட்ட இருந்து சாமான் எல்லாம் எடுத்துக்கிட்டோம், கட்டுப்பாட்டை மட்டும் விட்டுட்டோம். சட்டம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். குஞ்சோட இருக்கற விராலைத் தொடமாட்டோம்னு நம்ம வாட்ஸ்அப் குரூப்ல முடிவு பண்ணாலே போதும். தெரியாம மாட்டினா, ஃபோட்டோவுக்கு நிக்காம அதே இடத்துல விட்டுடுங்க.

இந்த மார்கழியில ஏரிக்குப் போறீங்களா? தண்ணி செவப்பா கொதிக்கிற இடத்தைப் பாத்தா, தூண்டிலை வேற பக்கம் வீசுங்க.