உலைக்கு முன் எடுத்த பிடி

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 1973-ல் வெளியானது. போதகர் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிது நேரம் பேச வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, நல்ல சமாரியன் உவமை. போகிற வழியில் ஒரு வாசலோரம் ஒருவன் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் சரிந்து கிடந்தான். அவனும் ஆய்வுக்காக உட்கார வைக்கப்பட்டவன்தான். மாணவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் ஏதோ ஒரு வகையில் உதவ முன்வந்தவர்கள் 16 பேர். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களும் அவனைத் தாண்டிப் போனார்கள். தலைப்பால் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை; நேரத்தால் தெரிந்தது. இன்னும் அவகாசம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 விழுக்காட்டினர்தான்.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் இந்த எண்களை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். விரைந்து போன அந்த மாணவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அங்கே ஒருவர் காத்திருக்கிறாரே, சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தோடுதான் ஓடினார்கள். நம் வீடுகளிலும் நடப்பது இதுவே. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. திங்கள் காலை பேருந்துக்கு ஓடும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டி மாத்திரைச் சீட்டோடு வாசலில் நிற்பது கண்ணில் பட்டும் மனதில் படுவதில்லை. உணர்ச்சியைக் கூட்டச் சொல்லும் பிரசங்கங்களை நாம் நிறையவே கேட்டுவிட்டோம். இரக்கத்துக்கென்று நேரத்திலும் பணத்திலும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைப்பதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

உவமையையே எடுத்துக்கொள்வோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன் 'மனதுருகி' என்கிறது நம் தமிழ் வேதாகமம். கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் குடலை, உள்ளுறுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பதறுகிறது என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அது வெகு நெருக்கம். ஆனால் லூக்கா அந்தப் பதற்றத்துக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் செலவிடுகிறார். மற்றதெல்லாம் பொருளும் செயலும்: எண்ணெய், திராட்சரசம், காயக்கட்டு, ஏறிப்போக ஒரு மிருகம், சத்திரம், இரண்டு வெள்ளிக்காசு, மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற பொறுப்பு. ஒரு காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி என்பது திராட்சத்தோட்ட உவமையிலிருந்து தெரிகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் அந்தப் பாதை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டர் சரிகிறது. கள்ளர் பயம் உள்ள வழி. தன் பயணத்துக்கென்று எடுத்து வைத்ததில்தான் அவன் அடிபட்டவனுக்கும் செலவழித்தான். கையில் ஒன்றும் இல்லாமல், பொழுதும் இல்லாமல் வந்திருந்தால் அந்த உருகிய மனம் என்ன செய்திருக்கும்?

இந்த ஒதுக்கி வைத்தல் வேதத்தில் அதற்கு முன்பே சட்டமாக இருக்கிறது. வயலை அறுக்கும்போது ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்கிறது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். ஏழை வந்து நிற்கும்போது இரக்கப்படு என்றல்ல, அவன் வருவதற்கு முன்பே விட்டு வை என்பதுதான் கட்டளை. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தத்துவவாதி அரிஸ்டைடிஸ் கிறிஸ்தவர்களுக்காக வாதாடி எழுதியபோது, அவர்களில் ஏழைகளும் இன்னொரு ஏழைக்குக் கொடுக்க எதுவும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் நோன்பிருந்து அந்த உணவை அவனுக்குத் தருகிறார்கள் என்று குறிப்பிட்டார். 362-ஆம் ஆண்டளவில், கிறிஸ்தவத்தை விட்டு விலகிய பேரரசர் ஜூலியன் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்கள்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். அதே கடிதத்தில் அவரும் தானியத்துக்கும் திராட்சரசத்துக்கும் அளவு குறித்து, அதில் ஒரு பங்கு போக மீதியை அந்நியருக்கும் பிச்சைக்காரருக்கும் கொடுக்க உத்தரவிட்டார். கண்ணீரைப் பார்த்துப் பயந்தவரல்ல அவர். அன்றாடம் தவறாமல் நடந்துகொண்டிருந்த ஓர் ஏற்பாட்டைப் பார்த்துப் பயந்தார்.

இதன் மிக எளிய உருவத்தை நம் நாட்டிலேயே மிசோரத்தின் அடுக்களைகளில் காணலாம். சமைப்பதற்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். சேர்ந்ததைச் சபைப் பெண்கள் வந்து திரட்டிப் போகிறார்கள். 1910-ல் தொடங்கிய இந்தப் பழக்கத்துக்கு மிசோ மொழியில் புஹ்ஃபாய் தாம், கைப்பிடி அரிசி, என்று பெயர். பணக்காரர் இல்லாத அந்த மலைச்சபைகள் தங்கள் ஊழியர்களையும் மிஷன் பணியையும் தாங்கியது இந்த அரிசியால்; இன்று அதன் மதிப்பு கோடிகளில் இருக்கிறது. அந்த அரிசியின் பெரும்பகுதி நேராகப் பசித்தவனுக்குப் போவதில்லை என்பது உண்மைதான். நான் பார்ப்பது அந்தக் கையை. அரிசி உலையில் விழுவதற்கு முன்பே பிடி எடுத்தாகிவிட்டது. மிஞ்சினால் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. தமிழ்நாட்டில் காஞ்சிப் பெரியவர் இந்து வீடுகளுக்குச் சொன்ன பிடி அரிசித் திட்டத்திலும் இதே கைதான்.

இப்படிக் கணக்குப் போட்டுச் செய்வது இரக்கமாகுமா, வெறும் பழக்கமாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழக்கமாகட்டுமே. ராத்திரி குழந்தைக்கு எழுந்து பால் கொடுக்கும் தாய் ஒவ்வொரு முறையும் உருகிக்கொண்டா எழுந்திருக்கிறாள்? தூக்கக் கலக்கத்தில் எழுந்தாலும் பிள்ளையின் பசி அடங்குகிறது. ஏமாற்றுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே என்பது இன்னொரு கேள்வி. போவார்கள். அவசரத்தில் கையில் வந்ததைக் கொடுப்பவர்தான் சுலபமாக ஏமாறுகிறார். பத்து நிமிடம் ஒதுக்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பார், ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்ப்பார், தேவையானால் கூடவே போவார். நேரமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஓரத்தை விடச் சொன்னது வயல் வைத்திருந்தவனிடம். கதிர் பொறுக்க வந்தவளிடம் அல்ல. மில்லில் ஷிப்ட் முடித்து வந்து வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணிடம் போய் இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டு என்று பிரசங்கிப்பது கொடுமை.

இவற்றைவிடக் கனமான கேள்வி, தர்மம் நீதிக்கு ஈடாகுமா என்பது. ஆகாது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளையும், கதிர்க்கட்டை மறந்துவிட்டால் ஏழைக்கு விட்டுவிடு என்ற கட்டளையும் உபாகமத்தில் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது? சாதியில் நம் சபைகள் பட்டிருக்கும் கடன் இதைவிடப் பெரிது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்து விலகி நின்றார்கள். இன்றும் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் உண்டு. நெல்லை, தூத்துக்குடிச் சபைகளில் அசனம் என்ற சபை விருந்து நடக்கும்போது யாரும் யாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தப் பந்தி கல்லறைத் தோட்டம் வரை நீள வேண்டும்.

பெத்லகேமில் கதிர் பொறுக்க வந்த ரூத் மோவாபியப் பெண், அந்நிய சாதி. ஓரத்துக் கதிர் அவளுக்குச் சட்டப்படியே உரியது. வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சாப்பாட்டு வேளையில் அவன் அவளை அறுக்கிறவர்களோடு உட்காரச் சொன்னான். வறுத்த கோதுமையைத் தன் கையால் கொடுத்தான். அவள் வயிறார உண்டாள். மீந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்து, சாயங்காலம் மாமியார் நகோமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.