மேசைக்கு அளவெடுத்துக் கடல் வாங்காதீர்கள்

தளவாய்புரம், சேத்தூர், முகவூர், செட்டியார்பட்டி அப்பாமார்களே, அம்மாமார்களே,

நைட்டி தைத்து ஊர் ஊராக அனுப்புகிற பக்கம் நம்முடையது. அளவைப் பற்றி நமக்கு வெளியாள் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுக்கப் போனால், "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். அதே ஆள் கடல்மீன் வாங்கப் போனால் மட்டும், கடையில் இருப்பதிலேயே சின்னத் தொட்டியைக் காட்டி, "பிள்ளைக்குத்தானே, இது போதும்" என்கிறார். டிவி மேசையில் எவ்வளவு இடம் மிச்சம் என்று வீட்டிலேயே சாண் போட்டுப் பார்த்துவிட்டு வேறு வருகிறார். மீனுக்கும் அந்த மேசைக்கும் என்ன சம்பந்தம்?

2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்கு இன்னமும் வயசாகவில்லை. போனில் அதைப் பார்த்த பிள்ளை ஆரஞ்சு வரிமீன் வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. பிறந்தநாள் வருகிறது. மதுரைக்கோ சென்னைக்கோ போன அப்பா, 25 லிட்டர் கண்ணாடிப் பெட்டி, ஒரு சின்ன பில்டர், ஒரு பொட்டலம் உப்பு, இரண்டு கோமாளி மீன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறார். மூன்று நாள் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கும். அடுத்த வாரம் பிள்ளை தூங்கும்போது செத்த மீனை எடுத்துப் போட்டுவிட்டு, "அது கடலுக்கே போயிருச்சு" என்று கதை சொல்வீர்கள். எந்தப் பிள்ளையும் அதை நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. சின்னத் தொட்டி சுலபம், பெரிய தொட்டி சிரமம் என்று நாம் நினைத்துக்கொண்டு போகிறோம். உப்புத் தண்ணீரில் அது நேர் தலைகீழ்.

ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர். தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அடிக்கணக்கில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைத்துவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். மணல், பாறை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, உள்ளே நிற்கும் தண்ணீர் 150, 160 லிட்டர். இதை அந்த 25 லிட்டர் பெட்டியோடு வைத்துப் பாருங்கள்.

மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே விட்டுக்கொண்டே இருக்கிறது. போட்ட தீனியில் மிஞ்சியது அழுகினாலும் அம்மோனியாதான். கடல்நீரின் பி.எச். 8.2-ஐ ஒட்டி இருப்பதால், நடுநிலைத் தண்ணீரில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அம்மோனியா இங்கே விஷ வடிவில் நிற்கும். பிள்ளை ஆசையாக ஒரு கை தீனியை அள்ளிப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாத பிள்ளை உண்டா? பெரிய தொட்டியில் அந்த விஷம் ஆறேழு மடங்கு தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகும். நீங்கள் கடையிலிருந்து திரும்பி வந்து தண்ணீர் மாற்றும்வரை மீன் தாங்கும். சின்னப் பெட்டி உங்களுக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்காது.

வெயிலை வேறு நினைத்துப் பாருங்கள். நம் ஊர் மே மாத மத்தியானத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பவளப்பாறை மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ்வரை சுகம். சின்னப் பெட்டி சீக்கிரமே அறையின் சூட்டுக்கு வந்துவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். உப்பு இருந்தால் இன்னும் குறையும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் என்றால், கடல்நீர் ஆறு சொச்சம்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் நிறுத்துகிற நாளில் ஏர் பம்பும் நிற்கும். இன்வெர்ட்டரில் பேன் ஓடும், டிவி ஓடும், மீன் மோட்டாரை அதில் மாட்ட யாருக்கும் தோன்றாது. இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2010-லும் 2016-லும் கடல் வழக்கத்துக்கு மேல் சூடானபோது மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்துப் போயின. கடலுக்கே அந்தக் கதி.

ஆவியாதலில் மட்டும் பெரிய தொட்டிக்கு நான் அவ்வளவு பரிந்து பேச மாட்டேன். மேற்பரப்பு பெரிதானால் ஆவியாகும் தண்ணீரும் கூடும். ஆழமான தொட்டியில் ஒரு விரல் தண்ணீர் இறங்கினால் உப்பு கொஞ்சம்தான் ஏறும். ஆழம் குறைந்த பெட்டியில் அதே ஒரு விரலுக்கு இரட்டிப்பாக ஏறும். வித்தியாசம் அவ்வளவே. ஆனால் இரண்டிலும் விதி ஒன்றுதான்: ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. குறைந்ததை உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். "கடல்மீன்தானே" என்று திரும்பத் திரும்ப உப்புத் தண்ணீரையே ஊற்றுகிற வீடுகள் இருக்கின்றன.

உப்பு என்றதும் இன்னொன்று. பக்கத்து மாவட்டத்துத் தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் கடல் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு மிச்சமாகும் கசப்புத் தண்ணீரில்தான் மக்னீசியம் பெரும்பாலும் போய்விடுகிறது. கால்சியம் அதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கைக்கு வருவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. குழம்புக்கு அது போதும், மீனுக்குப் போதாது. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வேண்டும். போர் தண்ணீரும் சரிப்படாது, பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவும் கூடாது. கடல்நீரையே கொண்டுவரலாமே என்பீர்கள். 1909-இல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. அவருக்கு வாசலிலேயே கடல் இருந்தது. நமக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே நமக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான், அதாவது வாசலில் வந்து இறங்கும் அந்த 20 லிட்டர் கேன்.

இந்தக் கேனை வைத்துத்தான் தொட்டியின் அளவை முடிவு செய்யச் சொல்கிறேன். மேசையை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு அது 16 லிட்டர், சுமார் 560 கிராம் உப்பு. ஆவியானதை நிரப்ப இன்னொரு பத்துப் பதினைந்து லிட்டர். ஆக வாரம் ஒன்றரைக் கேன். முதல் நாள் நிரப்ப எட்டுக் கேன், ஐந்தரை கிலோ உப்பு. இதை ஒரு சாதாரணக் குடும்பம் முனகாமல் செய்ய முடியும். பெருமைக்காக ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று தொட்டி கட்டினால் அது 680 லிட்டர். வாரம் சுமார் மூன்று கேன் மாற்றியாக வேண்டும். அப்பா கடையில் இருப்பார், பிள்ளை டியூஷனில் இருக்கும், வாளி தூக்குவது யார்? நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்துவிட்டு வருகிற அம்மாதான். ஆகையால் முதல் தொட்டி இரண்டடியும் வேண்டாம், ஆறடியும் வேண்டாம், மூன்றடி.

மூன்றடி என்றாலும் தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும். பிளைவுட் மேசை அதைத் தாங்காது. இரும்பு ஸ்டாண்டு அடித்துத் தரையில் சமமாக நிற்க வையுங்கள். கட்டிங் நடக்கிற அறையில் வைக்காதீர்கள், பஞ்சுத் தூசி தண்ணீர் மேல் படலமாகப் படியும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் கூடாது, செருகி வைக்கும் கொசு மருந்தும் கூடாது. கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு மருந்து மீனுக்குப் பரம விஷம். ஏர் பம்பு அதை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே கொண்டு போய் விடும்.

உள்ளே எத்தனை மீன்? கோமாளி மீன் இரண்டு, போதும். நீமோவின் வகை நாலு அங்குலம்வரை வளரும். மன்னார் வளைகுடாவில் இருக்கும் செபே வகை ஆறு அங்குலத்தைத் தாண்டும், அதனால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். நன்றாக வைத்திருந்தால் பத்து வருசத்துக்கு மேல் இருக்கும்; இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிய மீனைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின்போதும் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதே படத்து நீலநிற டோரி மீன் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் மறுத்துவிடுங்கள். அது ஓர் அடிவரை வளரும், பகல் முழுக்க நீந்த நீளம் கேட்கும், ஆறடித் தொட்டியாவது அதற்கு வேண்டும். பிள்ளை கொஞ்ச நேரம் அழும், அழட்டும்.

கடலில் பிடித்த மீனை வாங்காமல் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, தீனி எடுக்கும்.

இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. ராமேஸ்வரம் போய்வரும்போது தொட்டியில் போட அழகாக இருக்கும் என்று பவளத் துண்டும், பிள்ளைக்குக் காட்டக் காய்ந்த கடல்குதிரையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்களே, அது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இலேயே பவளங்களையும் கடல்குதிரையையும் சேர்த்தாயிற்று. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்துத் தீவுக்கு அரண் இல்லாமல் செய்ததன் பலன். தொட்டிக்கு அலங்காரம் வேண்டுமென்றால் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லோ, பீங்கானில் செய்த கல்லோ போதும்.

பிறந்தநாளுக்கு மீன் இல்லாத தொட்டியைக் கொடுங்கள். தண்ணீர், உப்பு, மணல், கல், பில்டர், ஒரு சிட்டிகைத் தீனி எல்லாம் இருக்கட்டும், மீன் மட்டும் வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் கிட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வாரம் இருமுறை நிறம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேன் தூக்குவது அப்பா. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போகிறது என்றால், அந்த வாரம் மீன் வாங்கப் போகலாம். நோட்டு மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டதா, உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பிக் கப்பி மீன் விடுங்கள். தொட்டி எங்கேயும் போகாது, மூன்றடி கப்பிக்கும் தாராளம்.