பாலுக்குள் வந்த புகை

குப்பையைக் கொளுத்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மயிலையின் சந்துகளிலும், தியாகராய நகர்க் கடைத்தெருக்களின் பின்புறத்திலும், அடையாற்றின் சாலையோரங்களிலும் விடியற்காலையில் சருகுக் குவியல் புகைவதைக் காண்கிறோம். சருகு மட்டும் எரிந்தால் அது சிறு தீமை. அதனுள் பால் உறையும், உடைந்த குழாயும், பிய்ந்த செருப்பும் சேர்ந்தே எரிகின்றன. எரித்தால் கிருமி சாகும், இடம் தூய்மையாகும் என்று படித்தவர்களே வாதிடுகிறார்கள். இவ்வாதம் பொய் என்பதை இனியும் மென்மையாகச் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

நெருப்பு எதையும் இல்லாமல் ஆக்குவதில்லை, உருமாற்றுகிறது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கில் குளோரின் உண்டு. தெருவோரத் தீயில் அது அரைகுறையாக வேகும்போது டையாக்சின் எனப்படும் நஞ்சுகள் பிறக்கின்றன. அவை மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேயும் பசுவின் கொழுப்பில் தங்கி, பால் வழியே நம்மிடம் திரும்புகின்றன. அவற்றுள் மிகக் கொடியது மனிதரிடம் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

இது எங்கோ நடப்பதன்று. நம் தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலேயே கொட்டப்பட்டது. அங்கே தீ மூள்வதும் வழக்கமாயிற்று. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்குப்பைமேட்டை அடுத்து வாழ்ந்த தாய்மாரின் பாலைச் சோதித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். வேறிடத்துத் தாய்மாரின் பாலைவிட அதில் டையாக்சின் மிகுந்திருந்தது. பசும்பால் அதற்கொரு வழியாக இருக்கக்கூடும் என்றும் கண்டனர். குப்பை நம்முடையது, பாலோ அவர்கள் குழந்தைகளுக்கு உரியது. 2022 ஏப்ரல் இறுதியில் அதே மேடு நாள்கணக்கில் எரிந்து, புகை தம் வீட்டுச் சன்னலுக்கு வந்தபோதுதான் பலர் முகம் சுளித்தனர். பள்ளிக்கரணைக்கு ராம்சார் நிலம் என்னும் உலகப் பெருமை கிடைத்ததும் அதே ஆண்டில்தான்!

பென் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்தே நரகத்தைக் குறிக்கும் கெகென்னா என்னும் சொல் பிறந்தது. அது எருசலேமின் குப்பை எரிந்த இடம் என்று மறையுரைகளில் சொல்லக் கேட்கிறோம். அச்செய்தி இடைக்காலத்ததே, விவிலியம் கூறுவதோ அதனினும் கொடியது. அங்கே பெற்றோர் தம் புதல்வர் புதல்வியரை நெருப்புக்குக் கொடுத்தனர். எரேமியா இடித்துரைத்தது அதைத்தான்.

போகியன்று டயர் எரிப்போரைக் குறைகூற நம்மவர்க்கு நாக்கு நீளுகிறது. 2018ஆம் ஆண்டுப் போகிப் புகையால் சென்னைக்கு வந்த விமானங்கள் திசைதிருப்பப்பட்டது உண்மையே. ஆனால் நம் திருவிழா முடிந்த மறுநாள், ஆலய வளாகத்தின் பின்மூலையில் எழும் புகை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது? அன்பின் விருந்துக்கு வாங்கிய தட்டும் குவளையும் அதில் கருகுகின்றன. உபயதாரர் படம் அச்சிட்ட ஃபிளக்ஸ் பதாகையும் கருகுகிறது; அது பி.வி.சி. அன்றி வேறன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் பற்றிய கருத்தரங்கையே ஃபிளக்ஸ் கட்டி அறிவிப்போரும் உண்டு. என்ன சொல்ல!

தூய்மைப் பணியாளர்மேல் பழிபோடுவது எளிது. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக் கொடுப்பவர் யார்? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், எரிக்காதே, பிரித்துக் கொடு என்று குப்பையை உண்டாக்குபவரைத்தான் பணித்தன. சட்டம் கேட்டது இவ்வளவே. கொலை செய்யாதே என்னும் கட்டளையை மனப்பாடமாகச் சொல்லும் நாம் அதற்குக் குறைவாகவா கேட்பது?

வரும் திருவிழாவுக்கான பங்குப்பேரவைக் கூட்டத்தில் பதாகைச் செலவு வாசிக்கப்படும். அப்போதே எழுந்து கேளுங்கள்: அது துணியா, ஃபிளக்ஸா? விழா முடிந்த மறுநாள் அது எங்கே போகும்?