இட்லிப் பாதம்

கிருஷ்ண ஜயந்தி அன்று எங்கள் வீட்டுக்கு வந்த கிருஷ்ணருக்கு ஃப்ளாட் ஃபுட்!

வழக்கமாக என் மனைவி கைமுஷ்டியை அரிசி மாவில் தோய்த்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை குட்டிக் குட்டிப் பாதமாகப் போட்டு விடுவாள். 'ஒரிஜினலே வீட்டில் இருக்கும்போது டூப்ளிகேட் எதற்கு?' என்று அன்றைக்கு எங்கள் நாலு வயசுப் பையனின் காலையே மாவில் முக்கி நடக்க விட்டோம். முஷ்டியால் போட்ட பாதத்துக்கு இடுப்பு உண்டு. இவன் வைத்ததோ வரிசையாக இட்லி!

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"உனக்கு இருந்த அதே கால்டா. நாளைக்கே ஷூ வாங்கிடு."

ஷூ! அந்த வார்த்தையிலேயே என் கால் கனத்தது. ஆறு வயசிலிருந்து ஒன்பது வயசு வரை நான் போட்டது ஷூ இல்லை சார், தண்டனை. கெட்டித் தோல், உள்ளே ஒரு மேடு. தெருவே வெறுங்காலில் கில்லி விளையாடும்போது நான் மட்டும் டொக் டொக் என்று ஓரமாக நிற்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் 'லாடம்'. இவ்வளவுக்கும் பிறகு என் பாதம்? குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்தால் இன்றைக்கும் இட்லிதான்!

ஆனாலும் அப்பா சொல்லிவிட்டாரே... கடைக்குப் போனேன். வளைவு வைத்த ஷூ 3,400 ரூபாய். "கால் வளர வளர ஆறு மாசத்துக்கு ஒரு ஜோடி மாத்தணும் சார்" என்றார் கடைக்காரர். நான் பி.காம். மனசுக்குள் லெட்ஜர் தானாகத் திறந்துகொண்டது. பத்து வயசு வரை 12 ஜோடி. பற்று 40,800 ரூபாய். வரவுப் பக்கம் என்ன எழுதுவது? அதைக் கேட்கத்தான் எலும்பு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் அளவு எடுக்கவில்லை, எக்ஸ்ரே எழுதவில்லை. ஒரு சாக்லெட்டைத் தூக்கிப் பிடித்து, "எட்டி எடு கண்ணா" என்றார். பையன் நுனிக்காலில் எம்பினான். "பின்னால வந்து பாருங்க."

பார்த்தேன். தட்டைக் காலில் அழகாக ஒரு பள்ளம்! அப்புறம் அவனை நேராக நிற்க வைத்து, கட்டை விரலை மட்டும் மேலே தூக்கினார். மறுபடி பள்ளம்.

"இது வளையற கால். வலி இல்லை, நல்லா ஓடறான். வைத்தியம் வேண்டாம்."

பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டைதானாம். அடியில் கொழுப்பு மெத்தை. மூட்டு நார்களும் தளர்வு. பெரும்பாலோருக்குப் பத்து வயசுக்குள் வளைவு வந்துவிடும். வராதவர்களிலும் பலர் வலியே இல்லாமல் காலம் முழுக்க நடக்கிறார்கள். (அடியேன் சாட்சி.)

"அப்ப ஷூ?"

அமெரிக்காவின் டெக்ஸாஸில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூன்று வருஷம் விசேஷ ஷூவும் உள்தகடும் போட்டுப் பார்த்தார்களாம். 1989-ல் முடிவு வெளியானது. போட்ட கால், போடாத கால், வித்தியாசமே இல்லை! நம்ம ஊர்ப் பக்கம் மணிப்பால் டாக்டர்கள் 2,300 பிள்ளைகளின் பாதத்தைப் பதிவெடுத்து 1992-ல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் தட்டை. வெறுங்கால் பிள்ளைகளில் 2.8தான்!

அதற்காக எல்லா இட்லியையும் சும்மா விட்டுவிடக் கூடாது. நுனிக்காலில் நின்றாலும் பள்ளம் வரவில்லை, பாதம் விறைப்பு, ஒரு கால் மட்டும் தட்டை, வலி, நொண்டல் என்றால் உடனே டாக்டர். எட்டு வயசுக்கு மேல் பதினாறுக்குள் திடீரென்று வலி, அடிக்கடி கணுக்கால் பிசகு என்றால், உள்ளே இரண்டு எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் வேண்டும். ஓய்வு, மாவுக்கட்டு, சிலருக்கு ஆபரேஷன். குதிகால் தசைநாண் இறுகியிருந்தால் நீட்டும் பயிற்சி. உள்தகடு வலியைக் குறைக்கும், வளைவை உண்டாக்காது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒப்பித்தேன். "நீங்க வாங்கின ஷூவெல்லாம் தண்டச் செலவுப்பா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இருபத்தோரு வயசுல காக்கி வேலைக்குப் போனேன்டா. ஓட்டத்துல முதல் ஆள். கடைசியில காலைப் பார்த்துட்டு, போன்னுட்டான். உனக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்..."

முப்பது வருஷமாக நான் அந்த ஷூவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது யாருடைய கனவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இப்ப ராணுவ விதியிலேயே, நுனிக்கால்ல நின்னா பள்ளம் வந்து, வலியில்லாம நுனிக்கால்ல ஓட, குதிக்க முடிஞ்சா எடுத்துக்கலாம்னு இருக்குப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஹாலில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டி, நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார் அப்பா. பின்னால் தரையில் படுத்தபடி என் பையன்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுடா... பள்ளம் தெரியுதா?"

"தெரியுது தாத்தா!"