அக்காவை மட்டும் ஏன் நிறுத்தினாங்க?

போன தடவை இந்தத் தாளில் சாம்பல் நிற அணில் பற்றி எழுதினேன். இந்தத் தடவை எழுதுவது எல்லோரும் குசுகுசுன்னு பேசுற விஷயம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எங்களோடு ஒரு அக்கா வருவாங்க. வேற பள்ளிக்கூடம், பத்தாவது. பேரும் ஊரும் எழுத மாட்டேன். அங்கே கையில் கட்டுற கயிற்றின் கலரைப் பார்த்துத்தான் யார் யாரோட உட்காரணும், எந்த டீமில் கபடி ஆடணும்னு பசங்களே முடிவு பண்ணுவாங்க. அக்கா கையில் ஒரு கலர். அவங்க பேசின அண்ணன் கையில் வேற கலர்.

பேசினதுன்னா என்ன? கணக்கு நோட்டை மாத்திக்கிட்டாங்க. ஒருநாள் அண்ணன் பால்கோவா வாங்கிட்டு வந்தார், அதில் எனக்கும் கொஞ்சம் கிடைச்சது. அது காதலான்னு அவங்களுக்கே தெரியுமோ என்னவோ! நோட்டுக்குள் இருந்த லெட்டர் யார் கையிலோ மாட்டிக்கிச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ரெண்டு கலர் பசங்களும் அடிச்சுக்கிட்டாங்க. அதில் முக்கால்வாசிப் பேருக்கு அக்கா முகம்கூடத் தெரியாது. கயிறு மட்டும்தான் தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு அண்ணன் பள்ளிக்கூடம் வந்துட்டார். அக்கா வரவே இல்லை. ராஜபாளையம் பக்கம் அத்தை வீட்டில் விட்டிருக்காங்களாம், மில் வேலைக்கு அனுப்பப் போறாங்களாம். அக்கா காலாண்டில் கணக்கில் 94.

காதல் சரின்னு எழுத வரலை. இது படிக்கிற வயசுன்னுதான் நானும் நினைக்கிறேன். தப்புன்னா கூப்பிட்டுத் திட்டலாம். ஆனால் ரெண்டு பேரையும்தானே திட்டணும்?

நம்ம ஊர் ஆண்டாளும் சாமிக்குக் கட்டின மாலையை யாருக்கும் தெரியாமல் தன் கழுத்தில் போட்டுப் பார்த்தவள்தான். பெரியாழ்வார் கண்டுபிடிச்சு வருத்தப்பட்டார். ஆனால் அவளை வீட்டில் பூட்டி வைத்ததாகப் பாட்டி சொன்ன கதையில் இல்லை. அவள் சூடின மாலை இன்னைக்கும் திருப்பதிக்குப் போகுது. ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க நாமும் போறோம். (சாமி கதையை இதோடு சேர்க்கலாமான்னு தமிழ் ஐயா கேட்பார். மன்னிக்கணும் ஐயா.)

கயிறு விளையாட்டுச் சாமான் இல்லை. கூடப் படிச்ச வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசினதுக்காக 2015 ஜூன் மாதம் ஓமலூர் கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று, ரயில் தண்டவாளத்தில் போட்டாங்க. 2022-ல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ அண்ணனையும், தடுக்க வந்த தங்கச்சியையும் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அங்கே காதல்கூட இல்லை, சாதி மட்டும்தான். அதுக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதி காட்டுற எதுவும் கூடாதுன்னு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2019-லேயே கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. கயிறு இன்னும் கையில்தான் இருக்கு.

ஆசிரியர்கள் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் ‘சாமிக் கயிறு சார்’ என்போம். சாமிக் கயிறு என்றால் ஒரு தெருவுக்கே ஒரே கலர் எப்படி வரும்?

நம்ம ஹெச்.எம். அக்காவோட ஹெச்.எம்.மிடம் பேசணும். ரெண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போய்க் கேட்கணும். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கு. கேட்க யாரும் போகலைன்னா 1098-க்கு நானே போன் பண்ணலாமான்னு யோசிக்கிறேன்.

என் கையிலும் கயிறு இருந்தது, அக்கா கலர்தான். சனிக்கிழமை அறுத்துட்டேன். குளிக்கும்போது அறுந்துடுச்சுன்னு எங்க அண்ணனிடம் சொல்லியிருக்கேன். அவனும் இந்தப் பள்ளிதான், இதைப் படிச்சால் தெரிஞ்சுடும்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி