கடைசி நேரத் தவறும் உலகப் பட்டமும்

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி நடைபெற்ற உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம் டிராவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அடுத்த சில நகர்த்தல்களில் எல்லாம் முடிந்தது. 18 வயது குகேஷ் 7.5 - 6.5 என்ற கணக்கில் உலக சாம்பியனானார்.

"குகேஷ் வெல்லவில்லை, டிங் தோற்றார்" என்ற விமர்சனம் அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. நாம் அறிந்த சதுரங்கத்தின் முடிவு இது என்றே முன்னாள் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் வருந்தினார். நெடுங்காலமாகச் சதுரங்கத்தைப் பின்தொடரும் ரசிகன் என்ற முறையில் இந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

வரலாறு வேறு கதை சொல்கிறது. 1892-இல் ஹவானாவில் ஸ்டைனிட்ஸை எதிர்கொண்ட சிகோரின், 23-ஆவது ஆட்டத்தில் ஒரு காய் கூடுதலாக வைத்திருந்தார். வென்றிருந்தால் வெற்றிக் கணக்கு 9 - 9 எனச் சமனாகியிருக்கும். ஆனால், இரண்டே நகர்த்தல்களில் 'மேட்' ஆகும்படி தமது பிஷப்பை நகர்த்திப் பட்டத்தை இழந்தார். 2006-இல் பான் நகரில் 'டீப் ஃபிரிட்ஸ்' கணினி நிரலுடன் மோதியபோது, ஒரே நகர்த்தலில் வரவிருந்த 'மேட்'டைக் காணத் தவறியவர், அன்றைய சாம்பியனான இதே கிராம்னிக்தான். 2014-இல் சோச்சியில் 2.5 - 2.5 என்ற சமநிலையில் தொடங்கிய ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் பெரும் பிழை செய்தார். ஆனந்த் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஆட்டத்தை வென்ற கார்ல்சன் பட்டத்தையும் தக்கவைத்தார். அவரது பட்டத்தை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை.

சிங்கப்பூரில் நடந்ததையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டிங்கின் பிஷப் பலகையின் மூலையில் நின்றது. யானைகள் வெளியேறியதும் குகேஷ் தமது பிஷப்பை அதே மூலைவிட்டத்தில் எதிரே நிறுத்தினார். மூலையில் இருந்த பிஷப்புக்கு விலகிச் செல்ல வேறு கட்டம் இல்லை. அதுவும் மாற்றப்பட்டபின், கூடுதல் சிப்பாய் வெற்றியைத் தேடித்தந்தது. சமநிலையான ஆட்டத்தை டிராவுக்கு விட்டுவிட்டு மறுநாள் விரைவு ஆட்டங்களுக்குச் சென்றிருக்கலாம். குகேஷ் அப்படிச் செய்யவில்லை. ஒரு சிப்பாயும் கடிகாரத்தில் இருந்த முன்னிலையும் மட்டுமே துணையாக, எதிராளியை மணிக்கணக்கில் சிந்திக்க வைத்தார். பிழை தானாக விழுந்த கனியன்று. அதற்கான களைப்பை உருவாக்கியது அந்த விடாப்பிடி.

குறைகளும் உண்டு. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கார்ல்சன், பட்டத்தைத் தக்கவைக்கப் போவதில்லை என 2022-இலேயே ஒதுங்கிவிட்டார். டிங்கும் தமது சிறந்த நாள்களைப் போல விளையாடவில்லை. ஆயினும், முதல் ஆட்டத்திலும் 12-ஆவது ஆட்டத்திலும் குகேஷை வீழ்த்தியவர் அவர்தான் என்பதை மறந்துவிடலாகாது.

உண்மையில் மாறியிருப்பது ரசிகர்களாகிய நம் பார்வை. நேரலைத் திரையின் ஓரத்தில் ஏறி இறங்கும் கணினியின் மதிப்பீட்டுப் பட்டை, பிழையை நொடியில் காட்டிவிடுகிறது. அதைக் கண்டு, 'இதுகூடத் தெரியவில்லையா?' என்கிறோம். பலகைக்கு முன் இருப்பவருக்கு அந்தப் பட்டை இல்லை. முதல் 40 நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம். எஞ்சிய ஆட்டத்துக்கு அரை மணி நேரமும், நகர்த்தலுக்கு 30 விநாடிகளும். மூன்று வாரங்களாகச் சேர்ந்த சோர்வுடன் அவர் தனியே முடிவெடுக்கிறார்.

கணினியின் துல்லியம்தான் அளவுகோல் என்றால், மனிதர்கள் விளையாட வேண்டிய தேவையே இல்லை. நீண்ட நேர ஆட்டங்கள் சலிப்பூட்டுகின்றன என்ற குரல் வலுத்துவரும் காலம் இது. அந்த ஆட்டங்களின் அருமையை உணர, ஒளிபரப்பாளர்கள் மதிப்பீட்டுப் பட்டையைச் சில நிமிடங்கள் தாமதித்துக் காட்டலாம். விடையை அறியுமுன் ரசிகரும் சற்று யோசிக்கட்டும். அப்போதுதான் 55-ஆவது நகர்த்தலில் டிங் எதைக் காணத் தவறினார், குகேஷ் எதைக் கண்டுகொண்டார் என்பதன் எடை நமக்குப் புரியும்.